டஸ்ட் கேப்பை வெட்டாம வூஃபர் சென்டர் ஆகுமா? (ஏ.ஆர்.-3ஏ ஃபோம் மாத்துறது பத்தி)

மைக்செட்_மாணிக்கம்:
நேத்து இங்க படிச்சதிலிருந்து மனசு ஆறல. பொள்ளாச்சிக்காரர் தன்னோட ஏ.ஆர்.-3ஏ ஸ்பீக்கர் பெட்டியில, வூஃபர் (பேஸ் சத்தம் கொடுக்கிற பெரிய ஸ்பீக்கர்) கோனைச் சுத்தி இருக்கிற ஃபோம் வளையம் உதிர்ந்துபோச்சு, கம்பெனி எப்பவோ நிறுத்தின மாடல், புது வூஃபர் எங்கேயும் கிடைக்கலைன்னு வழி கேட்டார். அதுக்கு செம்பவாங்_செவி சொல்றார்: "டஸ்ட் கேப்பை, அதாவது கோன் நடுவுல இருக்கிற மூடியை, தொடவே வேண்டாம். ஆம்ப்ல 30 ஹெர்ட்ஸ் டோன் (ஒரே சீரான தாழ்ந்த சத்தம்) விட்டுக்கிட்டே புது ஃபோமை ஒட்டுங்க, கோன் தானா நடுவுல உட்கார்ந்துக்கும்."

தானா வந்து உட்கார அது என்ன வீட்டுப் பூனையா?

வாய்ஸ் காயிலுக்கும் (கோனோட அடியில இருக்கிற கம்பிச் சுருள்) மேக்னட்டுக்கும் நடுவுல ஒரு பக்கத்துக்கு கால் மில்லிமீட்டர் இடம் இருந்தாலே பெரிசு. 12 இஞ்ச் கோனை அந்த சந்துல நேரா நிறுத்தணும்னா ஒரே வழிதான். டஸ்ட் கேப்பை பிளேடால சுத்தி வெட்டி எடுக்கணும். எக்ஸ்ரே ஃபிலிமைப் பட்டையா நறுக்கி, நாலு பக்கமும் காயிலுக்குள்ள சொருகணும். அப்புறம் ஃபோமை ஒட்டி, ராத்திரி முழுக்கக் காயவிட்டு, காலையில ஃபிலிமை உருவணும். எங்க அப்பா கடையில 14 வயசுலேர்ந்து நான் செஞ்ச வேலை இது. வீடியோ பார்த்துக் கத்துக்கிட்டது இல்ல.

செம்பவாங்_செவி:
மாணிக்கம் அண்ணே, நான் எழுதினதுல பாதியை விட்டுட்டீங்க. ஸ்பைடர் நல்லா இருந்தா மட்டும்னு முதல் வரியிலேயே போட்டிருந்தேன். காயிலை நடுவுல பிடிக்கிறது ஸ்பைடர், அதாவது கோனுக்கு அடியில காயிலைச் சுத்தி இருக்கிற மடிப்புத் துணி. ஃபோம் பிடிக்கிறது கோனோட வெளி ஓரத்தை. ஸ்பைடர் கெடாதப்போ காயில் ஏற்கெனவே நடுவுலதான் இருக்கு. நாம செய்ய வேண்டியது ஓரத்தை இழுத்துக் கோணலாக்காம ஒட்டுறது மட்டும்தான். மெதுவா டோன் ஓடும்போது உரசல் சத்தம் வந்தா, பசை காயறதுக்குள்ள விரலால நகர்த்திடலாம்.

இது ஏ.ஆர். (அகூஸ்டிக் ரிசர்ச்) டப்பா. எட்கர் வில்ச்சர் 1954ல ஹென்றி கிளாஸோட சேர்ந்து இந்தக் கம்பெனியை ஆரம்பிச்சதே இந்த ஒரு யோசனையை வச்சுத்தான். டப்பாவைக் காத்துப் புகாம அடைச்சுட்டா உள்ளே இருக்கிற காத்தே ஸ்பிரிங் ஆகும், வூஃபரோட தொங்கலை (கோனைத் தாங்கற ஸ்பைடரும் ஃபோமும்) ரொம்ப இளக்கமா விடலாம். 1956ல காப்புரிமையும் வாங்கினார். 3ஏ வூஃபர் வெளியில 18 ஹெர்ட்ஸ்ல ஒத்ததிரும், டப்பாக்குள்ள போனா 42. காத்து கசிஞ்சா அந்த ஸ்பிரிங்கே போச்சு. நீங்க வெட்டித் திரும்ப ஒட்டுற டஸ்ட் கேப் ஓரம்தான் கசியற முதல் இடம். அதனாலதான் வெட்டாதீங்கங்கறேன்.

மைக்செட்_மாணிக்கம்:
அதையேதான் நானும் சொல்றேன்! தொங்கல் இளக்கம்னு உங்க வாயாலேயே சொல்லிட்டீங்க. இளக்கமா இருக்கிற கோன் ஒட்டும்போது எந்தப் பக்கமும் சாயும். அதைப் பிடிச்சு நிறுத்த ஃபிலிம் வேணும். ஃபிலிம் போடணும்னா டஸ்ட் கேப்பை வெட்டணும். இதுல எங்க சந்தேகம்?

"ஸ்பைடர் பிடிக்கும்" வேற. 1967ல வந்த மாடல். 50 வருஷமா நிமிர்ந்து நின்ன டப்பாவுல, கோனும் காயிலும் தன் கனத்தால கீழ இழுத்துக்கிட்டே இருந்திருக்கு. அந்த ஸ்பைடர் இன்னும் நடுவுலேயே நிக்குதுன்னு யார் பார்த்தா? டஸ்ட் கேப்பை வெட்டினாத்தான் தெரியும்.

கசிவுக்கு ரெண்டு கோட் பசை போதும்.

செம்பவாங்_செவி:
தெரிஞ்சுக்க வெட்ட வேண்டியதில்ல. ரெண்டு உள்ளங்கையையும் கோன்மேல சமமா வச்சு மெதுவா அழுத்தினாலே உரசுறது விரலுக்குத் தெரியும். ஸ்பைடர் கீழ இறங்கியிருந்தா வூஃபரை 180 டிகிரி திருப்பி மாட்டலாம். உலகம் முழுக்க செய்யறதுதான்.

கோவிச்சுக்காதீங்க, மைக்செட் காலம் ஸ்பீக்கரும் 3ஏவும் ஒண்ணு இல்ல. அதுல கசிவு, ஸ்பிரிங் எதுவும் கணக்கில்ல. சத்தம் வந்தா போதும்.

மைக்செட்_மாணிக்கம்:
மைக்செட்னா இளக்காரமாப் போச்சா?

ஆடி மாசக் கூத்துல ராத்திரி ரெண்டு மணிக்கு கோன் கிழிஞ்சு ஸ்பீக்கர் கரகரன்னு கத்தும். ஊரே திரும்பி எங்க அப்பாவைப் பார்க்கும். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துல சாக்கை விரிச்சு உட்கார்ந்து, பழைய கோனைப் பிய்ச்சு, காயிலை ஃபிலிம் வச்சு நிறுத்தி, புதுசை ஒட்டி, விடியறதுக்குள்ள ஏத்தி விடுவார். அவர் ஒட்டின ஒரு காயில் உரசினதா ஊர்ல ஒருத்தர் சொன்னதில்ல. "சத்தம் வந்தா போதும்"னு செஞ்ச வேலை இல்ல அது. ஏர்கண்டிஷன் ரூம்ல டோன் போட்டு விரலால தள்றவங்க எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

வெட்டாம ஒட்டினது சின்ன வால்யூம்ல பாடும். ஏத்திப் பாருங்க, காயில் முன்ன பின்ன அரை இஞ்ச் ஓடும்போது கரகரக்கும்.

டொராண்டோ_தம்பி:
அண்ணைமார் சண்டை பிடிக்கிறதைப் பாத்தா என்ர அனுபவத்தையும் சொல்லோணும் போல கிடக்கு. ஸ்காபரோவில ஒரு கராஜ் சேலில 3ஏ ஒரு சோடி வாங்கினனான். ஃபோம் கறுப்பு வெல்லப்பாகு மாதிரி உருகிக் கிடந்தது. தொட்டால் நகத்துக்குள்ள ஏறி ரெண்டு நாளைக்குப் போகாது. பாலியூரித்தேன் எண்டால் ஈரக் காத்தில இப்பிடித்தான் சிதையும். அதைச் சுரண்டிறதுதான் உண்மையான வேலை. ஐசோபுரொபைல் ஆல்கஹோல் போட்டு ஒரு வூஃபருக்கு மூண்டு மணித்தியாலம் எடுத்தது.

ஒண்டை டஸ்ட் கேப் வெட்டி ஃபிலிம் வைச்சு ஒட்டினனான். மற்றதை டோன் விட்டு ஒட்டினனான். இப்ப நாலு வருசம். ரெண்டுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியேல்லை.

மைக்செட்_மாணிக்கம்:
தம்பி, உங்க காதுக்குத் தெரியலைங்கறது ஒரு ஆதாரமா? எவ்வளவு வால்யூம் வச்சுக் கேட்டீங்க?

செம்பவாங்_செவி:
தம்பி, வெட்டின வூஃபரை மெதுவா உள்ள அழுத்தி விட்டுப் பாருங்க. மூடின டப்பான்னா கோன் சோம்பலா, ரெண்டு மூணு செகண்ட் எடுத்துத் திரும்பணும். உடனே துள்ளி வந்தா கசியுது. பார்த்தீங்களா?

டொராண்டோ_தம்பி:
ரெண்டும் ஆறுதலாத்தான் வருது. நான் ரெண்டு பேருக்கும் எதிரி இல்லை, அண்ணை.

ஈயப்பற்று:
எதுக்கு இந்த வம்பு? ஃபோமுக்குப் பதிலா ரப்பர் சரவுண்ட் (ஓர வளையம்) போடுங்க, 40 வருஷம் கவலை இல்ல. ஒட்டினதும் 1.5 வோல்ட் பேட்டரியை வச்சு செக் பண்ணுங்க. வூஃபரோட சிவப்பு முனையில பிளஸ் கொடுத்தா கோன் வெளியே வரணும். எந்த ஸ்பீக்கரா இருந்தாலும் இதான் விதி.

செம்பவாங்_செவி:
எந்த ஸ்பீக்கரா இருந்தாலுமா? ஜேபிஎல் கம்பெனியோட பழைய வூஃபர்ல சிவப்புல பிளஸ் கொடுத்தா உள்ளேதான் போகும். அது அவங்க வழக்கம். பழுதுன்னு நினைச்சு ஒயரை மாத்திப் போட்டவங்க எத்தனையோ பேர்.

ரப்பர் இன்னும் மோசம். கனமும் கூட, விறைப்பும் கூட. அந்த இளக்கமான தொங்கல் போயிடும். அப்புறம் அது 3ஏ இல்ல, 3ஏ டப்பாக்குள்ள வேற ஏதோ.

ஈயப்பற்று:
ஜேபிஎல் பத்தி இங்க யார் கேட்டா? போன வருஷம் கெப்பாசிட்டர் விவாதத்துலேயும் இப்படித்தான். கிராஸ்ஓவர்ல (பெட்டிக்குள்ள சத்தத்தைப் பிரிச்சு அந்தந்த ஸ்பீக்கருக்கு அனுப்பற சர்க்யூட்) 150, 50, 6 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் மூணையும் மாத்தச் சொன்னேன். "மீட்டர் வச்சுப் பார்க்காம மாத்தாதே"ன்னு மூணு பக்கம் எழுதினீங்க. கடைசியில நீங்களே மாத்தினதா கேள்வி.

செம்பவாங்_செவி:
அளந்து பார்த்துட்டு, கெட்டுப்போன ஒண்ணை மட்டும் மாத்தினேன். இது மூணாவது தடவை சொல்றேன்.

மைக்செட்_மாணிக்கம்:
ஜேபிஎல், ரப்பர், கெப்பாசிட்டர்னு பேச்சை எங்கெங்கேயோ கொண்டுபோகாதீங்க. நான் கேட்டதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல. டஸ்ட் கேப்பை வெட்டாம, காயில் எல்லாப் பக்கமும் சமமா நிக்குதுன்னு கண்ணால பார்க்க முடியுமா, முடியாதா?

செம்பவாங்_செவி:
கண்ணால பார்க்க முடியாது. காதால கேட்கலாம், விரலால தொட்டு அறியலாம்.

மைக்செட்_மாணிக்கம்:
முடியாதுன்னு ஒத்துக்கிட்டீங்க. அவ்வளவுதான்.

செம்பவாங்_செவி:
ஒத்துக்கவே இல்ல. பார்க்க வேண்டிய அவசியமே இல்லைன்னுதான் சொல்றேன். வெட்டின கேப் திரும்ப அதே வட்டமா, அதே மட்டத்துல உட்காராது. பிளேடு வழுக்கினா கோனே கிழியும். அதுக்கு மாற்று வூஃபர் எங்க போய் வாங்குவீங்க? இதுக்கு முன்ன வந்த ஏ.ஆர்.-3, ஸ்மித்சோனியன் மியூசியத்துல வச்சிருக்கிற ஸ்பீக்கர். அந்தக் குடும்பத்துப் பொருள் மேல, தேவை இருக்கான்னு தெரியறதுக்கு முன்னாடியே பிளேடு வைக்கிறது எனக்குப் பொறுக்கல.

மைக்செட்_மாணிக்கம்:
பிளேடு வழுக்கறது கை நடுங்கறவங்களுக்கு. கேப்பை ஆவியில லேசா இளக்கி, ஊசியால ஓரத்தைத் தூக்கினா முழுசா வரும். அப்போ பிளேடே தேவைப்படாது. மியூசியத்துல இருக்கிறது பாடுதா? பொள்ளாச்சிக்காரருக்குப் பாடணும். அப்பா ஞாபகமா வச்சிருக்கிற பொருள், ஒரு தடவை செஞ்சா காலத்துக்கும் உரசக் கூடாதுன்னுதான் இவ்வளவு சொல்றேன்.

டோன் முறையில ஒட்டி, ஆறே மாசத்துல உரசி, காயில் கருகி என்கிட்ட வந்த வூஃபர் மட்டும் ஏழு. அதுல ஒண்ணு இந்த 3ஏதான். காயில் கம்பி வார்னிஷ் எரிஞ்சு சாம்பல் வாசனை அடிச்சுது. கொண்டுவந்தவர் கண்ணுல தண்ணி. இதுக்கு மேல நான் என்ன சொல்ல?

செம்பவாங்_செவி:
அந்த ஏழுலயும் ஸ்பைடர் எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க. அதை மட்டும் சொல்லவே மாட்டேங்கறீங்க.

பொள்ளாச்சிக்காரன்:
அண்ணே, எல்லாருக்கும் நன்றி. அப்பா 1974ல அமெரிக்காவுலேர்ந்து கப்பல்ல கொண்டுவந்த பெட்டிங்கண்ணா இது. நான் பொறந்ததிலேர்ந்து வீட்டுல பாடிட்டு இருந்துச்சு. ஆர்டர் போட்ட ஃபோம் வளையம் இன்னைக்கு வந்துச்சு. 12 இஞ்ச்னு போட்டிருக்கு. ஆனா கோன் மேல வச்சுப் பார்த்தா உள் ஓரம் சாய்வா உட்காரல, ஒரு பக்கம் தூக்கிட்டே நிக்குது. கோனோட சாய்வுக்கும் இதுக்கும் பொருந்தல. ஒட்டலாமா, திருப்பி அனுப்பவா?

டொராண்டோ_தம்பி:
ஒட்டாதேங்கோ. அது பொதுவான 12 இஞ்ச் வளையம். ஏ.ஆர். வூஃபருக்கெண்டே வேற சாய்வில செய்யிறவை. அதைத்தான் கேட்டு எடுக்கோணும்.

செம்பவாங்_செவி:
தம்பி சொன்னது சரி. திருப்பி அனுப்புங்க. புதுசு வர்ற வரைக்கும் வூஃபரைக் குப்புற வைக்காதீங்க, துணி போட்டு மூடி வைங்க. கேப்பைத் தொடாதீங்க.

மைக்செட்_மாணிக்கம்:
அனுப்பறதுக்கு முன்னாடி வளையத்தையும் கோனையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க தம்பி. டஸ்ட் கேப்போட ஓரமும் தெரியற மாதிரி, கிட்டத்துல.