ரெட் ஹேட் மூலநிரலை மறைத்தது சரியா?

சர்வர்காவலன்:
2023 ஜூன் 21 வரை, ரெட் ஹேட் நிறுவனம் சர்வர்களுக்காக விற்கும் இயங்குதளமான ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸின் மூலநிரலை (நிரலர் எழுதும் வடிவத்தை) யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அன்று வந்த அறிவிப்போடு அது சந்தாதாரருக்கு மட்டும் என்று ஆனது. மற்றவர்களுக்கு, அதன் அடுத்த பதிப்பு தயாராகும் இடமான சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீமின் நிரல்தான். இதற்கு முன்பே ஓர் அடி வாங்கியிருந்தோம்: 2029 வரை இருக்கும் என்று நம்பி நிறுவிய, ரெட் ஹேட் லினக்ஸின் இலவச நகலான சென்ட்ஓஎஸ் 8-ஐ 2021 கடைசியோடு நிறுத்தினார்கள். இரண்டு முறையும் ராத்திரி கண்விழித்து சர்வரை மாற்றியவர்களில் நானும் ஒருவன். இதை நியாயம் என்று யாராவது சொல்ல முடியுமா?

ஈரோடு_நிரலர்:
நான் சொல்கிறேன். பைனரியை, அதாவது கணினியில் ஓடும் வடிவத்தை, யாருக்குக் கொடுக்கிறாயோ அவருக்கு மூலநிரலையும் கொடு என்பதுதான் லினக்ஸின் உரிமமான ஜிபிஎல். அதை அவர்கள் மீறவில்லை. தனிநபர்களுக்கு 16 கணினி வரை இலவச டெவலப்பர் சந்தாவே தருகிறார்கள். ஒரு பதிப்பைப் பத்து வருடம் தாங்குவது லேசான வேலை இல்லை, நண்பரே. புதிய கெர்னலில் (இயங்குதளத்தின் மையப்பகுதியில்) வந்த திருத்தத்தைப் பிரித்தெடுத்துப் பழைய கெர்னலில் ஒட்டுப்போட வேண்டும். ஒரே ஒரு டிரைவருக்கு அப்படிச் செய்ய எனக்கு மூன்று நாள் ஆனது. ரெட் ஹேட் நிரலில் பெயரையும் சின்னத்தையும் மட்டும் மாற்றி வெளியிட்டு, அதற்கு சப்போர்ட் விற்கிறவர்கள் அந்தச் சம்பளத்தைத் தருவார்களா?

சர்வர்காவலன்:
சம்பளம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சந்தா ஒப்பந்தத்தையும் படியுங்கள். வாங்கிய மூலநிரலை வெளியே கொடுத்தால் சந்தாவை ரத்து செய்யலாம் என்று இருக்கிறது. பெறுகிறவர் மேல் கூடுதல் கட்டுப்பாடு போடாதே என்கிறது ஜிபிஎல் 2-இன் 6-ஆம் பிரிவு. கொடுத்தால் நாளைக்குப் பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோகும் என்று தெரிந்தபின் வங்கி சர்வரைப் பார்த்துக்கொள்கிறவர் எவரும் கொடுக்கமாட்டார். உரிமை காகிதத்தில் மட்டும்தான் இருக்கிறது.

ஈரோடு_நிரலர்:
கையில் இருக்கும் பதிப்பை யாரும் பறிக்கவில்லையே. அடுத்த பதிப்பை யாருக்கு விற்பது என்பது விற்கிறவர் முடிவு.

திருப்பூர்_கணக்கு:
நான் நிரலர் இல்லை, பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் பில்லிங் மென்பொருளை எழுதிக் கொடுத்தவர்கள் மூலநிரலைத் தரவில்லை. பிறகு கடையையும் மூடிவிட்டார்கள். 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தது. எங்கள் பில்லில் இருந்தது 'வாட்' என்ற ஒரே கட்டம். அதை சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று இரண்டாகப் பிரிக்க வழியே இல்லை. நான்கு மாதம் ஒவ்வொரு பில்லையும் எக்செல்லில் கையால் அடித்தேன். நிரல் இருந்திருந்தால் ஊரில் யாராவது ஒரு பையன் மாற்றித் தந்திருப்பான்.

ஈரோடு_நிரலர்:
அண்ணா, உங்களுக்கு நடந்தது அநியாயம். ஆனால் அங்கே பணம் கொடுத்தவருக்கே நிரல் கிடைக்கவில்லை. ரெட் ஹேட் பணம் கொடுத்தவருக்குத் தருகிறது.

சர்வர்காவலன்:
சரி, அப்படி நகல் வெளியிட்டவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். ராக்கி லினக்ஸ் திட்டம், பொதுவில் கிடைக்கும் கண்டெய்னர் இமேஜ்கள் (மென்பொருளைத் தேவையானவற்றோடு கட்டிய பொதிகள்), வாடகை கிளவுட் சர்வர்கள் ஆகிய இரண்டின் வழியாக நிரலை எடுத்தது. ஆரக்கிள், சூசே, சிஐக்யூ ஆகிய மூன்று நிறுவனங்களும் அந்த ஆகஸ்டில், இப்படிப்பட்ட நிரலைப் பொதுவில் தர ஓபன்ஈஎல்ஏ சங்கத்தைத் தொடங்கின. இன்னொரு நகலான அல்மாலினக்ஸ், அச்சு அசலான நகல் இனி வேண்டாம், ரெட் ஹேட்டில் ஓடும் மென்பொருள் எங்களிடமும் ஓடினால் போதும் என்று முடிவெடுத்தது. திருத்தங்களையும் தானே எழுதியது. நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3-இல் இருந்த பாதுகாப்பு ஓட்டைக்கு அவர்கள் ஸ்ட்ரீமுக்கு அனுப்பிய திருத்தத்தை ரெட் ஹேட் முதலில் ஏற்கவில்லை. பலரும் சத்தம் போட்ட பிறகுதான் ஏற்றது. சும்மா நகல் எடுக்கிறார்கள் என்று குறை சொன்னவர்கள், வேலை செய்து கொடுத்தபோது வாங்கியிருக்க வேண்டாமா?

ஈரோடு_நிரலர்:
ஐபெர்ஃப் விஷயத்தில் அவர்கள் செய்தது தவறு. அதற்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். ஆனால் அல்மா இப்போது சொந்தக்காலில் நிற்பதே இந்த நெருக்கடியால்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆய்வக_நிர்வாகி:
எங்கள் கல்லூரியில் 2012-இல் வாங்கிய 36 கணினிகள் இருக்கின்றன. ப்ராசஸரில் ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதி கிடையாது, அதனால் ரெட் ஹேட் 10 ஏறாது. அல்மா 10 பழைய ப்ராசஸருக்கென்றே தனி பில்ட் (நிரலிலிருந்து உருவாக்கிய ஓடும் வடிவம்) தருகிறது. போன வாரம் முதல் வரிசையில் ஆறு கணினிகளில் போட்டோம், நன்றாக ஓடுகிறது.

ஈரோடு_நிரலர்:
ஈபெல் என்ற கூடுதல் மென்பொருள் தொகுப்புகள் ஏறுகின்றனவா? அவை புதிய ப்ராசஸருக்குத்தானே பில்ட் ஆகின்றன?

ஆய்வக_நிர்வாகி:
ஏறுகின்றன சார். அவற்றையும் பழைய ப்ராசஸருக்கு அல்மாவே மறுபடி பில்ட் செய்து வைத்திருக்கிறது. மீதி முப்பதையும் தேர்வு முடிந்ததும் மாற்றுகிறோம்.