டைஃபாய்டு ரிப்போர்ட்டில் சிப்ரோஃப்ளாக்சசினுக்கு நேரே 'ஆர்' என்று வந்துள்ளது

கேள்வி: குடியாத்தம் வாசகி

என் 14 வயது மகனுக்கு ஆறு நாட்களாகியும் காய்ச்சல் விடாததால் வேலூரில் இரத்தக் கல்ச்சர் (இரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுத்தோம். சால்மோனெல்லா டைஃபி கிருமி வளர்ந்திருந்தது. அதற்கு முன் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சிப்ரோஃப்ளாக்சசினை மூன்று நாள் கொடுத்திருந்தேன். ரிப்போர்ட்டில் அதற்கு நேரே 'ஆர்' (மருந்துக்குக் கிருமி அடங்காது) என்றும், பழைய குளோராம்ஃபெனிகாலுக்கும் செஃப்ட்ரியாக்சோனுக்கும் நேரே 'எஸ்' (அடங்கும்) என்றும் உள்ளது. புது மருந்துக்கு அடங்காத கிருமி பழைய மருந்துக்கு எப்படி அடங்குகிறது? நான் கொடுத்த மாத்திரைதான் இந்த எதிர்ப்பை உண்டாக்கியதா? செஃப்ட்ரியாக்சோன் ஊசி தொடங்கி மூன்று நாளாகியும் மாலையில் காய்ச்சல் வருகிறது. ஊசியும் பலிக்கவில்லையோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: காட்பாடி, ஆய்வகப் பணியாளர்

முதலில் பயத்தை விடுங்கள், அம்மா. சரியான மருந்து கொடுத்தாலும் டைஃபாய்டு காய்ச்சல் இறங்க நான்கு முதல் ஏழு நாள் பிடிக்கும். மூன்றாம் நாளில் மருந்தை மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டாம். ஆனால் வயிற்றுவலி கடுமையானாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, பிள்ளை மயங்கினாலோ உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எதிர்ப்பு உங்கள் மாத்திரையால் வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இந்தியாவில் இப்போது பரவும் டைஃபாய்டு கிருமிகளில் பெரும்பாலானவை, சிப்ரோஃப்ளாக்சசின் பற்றிக்கொள்ள வேண்டிய நொதியில் மாற்றம் பெற்றே உடலுக்குள் நுழைகின்றன. 1948இல் குளோராம்ஃபெனிகால் வந்தது. 1972இல் கோழிக்கோட்டிலேயே அதற்கு அடங்காத டைஃபாய்டு பரவியது. 1980களின் இறுதியில் ஆம்பிசிலினும் கோ-ட்ரைமாக்சசோலும் சேர்ந்து பலனிழந்தன. எல்லோரும் சிப்ரோஃப்ளாக்சசினுக்கு மாறினோம். பழைய மருந்துகளுக்கான எதிர்ப்பைப் பல கிருமிகள் பிளாஸ்மிட் என்னும் தனி மரபணு வளையத்தில் சுமந்தன. அம்மருந்துகளின் புழக்கம் குறைந்தபின் அதைச் சுமக்காத கிருமிகள் பெருகின. சிப்ரோஃப்ளாக்சசின் எதிர்ப்போ கிருமியின் சொந்த மரபணுவிலேயே பதிந்திருப்பதால் எளிதில் விலகுவதில்லை. 'எஸ்' என்றிருக்கிறதே என்று குளோராம்ஃபெனிகாலைக் கடையில் வாங்கிவிடாதீர்கள். அது எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கக்கூடியது.

உங்களிடம் உரிமையோடு ஒன்று சொல்கிறேன். ஆன்டிபயாடிக் தொடங்கிய பின் இரத்தம் எடுத்தால் கிருமி வளராமலே போகலாம். உங்கள் மகனுக்கு வளர்ந்தது நல்வாய்ப்பு. கிருமியை வளர்க்காமல் இரத்தத்தில் எதிர்ப்பொருளை மட்டும் பார்க்கும் விடால் சோதனையை மட்டும் நம்பியிருந்தால் எந்த மருந்து பயன்படும் என்றே தெரிந்திருக்காது.

பதில்: சத்துவாச்சாரி, ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்

செஃப்ட்ரியாக்சோனைக் காக்க வேண்டிய காரணத்தையும் சொல்ல விரும்புகிறேன். 2016 முதல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் அம்மருந்துக்கும் அடங்காத டைஃபாய்டு பரவியது. அங்கு அசித்ரோமைசினும் கார்பபெனெம் ஊசிகளும்தான் மிஞ்சின. நம் ஊருக்கும் இது தொலைவான செய்தியன்று. 2017 முதல் 2020 வரை நான்கு இடங்களில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த தேசிய ஆய்வில், புனே அருகேயுள்ள கிராமப்புறத்தில் டைஃபாய்டு குறைவாகவும் வேலூர் நகர்ப்பகுதியில் மிக அதிகமாகவும் இருந்தது.

கிருமி மலத்தின் வழியே வெளியேறிக் குடிநீரிலும் உணவிலும் கலக்கிறது; குணமான சிலரின் பித்தப்பையில் நெடுநாள் தங்கவும் செய்கிறது. எனவே வீட்டில் நீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள்; சமைப்பவர் சோப்பால் கை கழுவட்டும். மற்ற பிள்ளைகளுக்கு டைஃபாய்டு கான்ஜுகேட் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஆறு மாதக் குழந்தை முதல் போடலாம்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐந்தாம் நாளான நேற்று மாலை காய்ச்சல் 99 டிகிரியைத் தாண்டவில்லை. இன்று கஞ்சி கேட்டுக் குடித்தான். மீதமிருந்த சிப்ரோஃப்ளாக்சசின் அட்டையின் பின்புறத்தில், மருத்துவர் சீட்டின்றி உண்ணக் கூடாது என்பதற்கான சிவப்புக் கோடு இருப்பதை இப்போதுதான் கவனித்தேன். மகளின் தடுப்பூசிக்காகத் திங்கட்கிழமை மருத்துவரைப் பார்க்கப் போகிறோம்.