டயட்டுக்கு (மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம்) இப்ப என்னதான் வேலை? தெரிஞ்சவங்க சொல்லுங்க

பழைய_ட்ரெய்னி

வணக்கம் மக்களே. நான் 2007ல இருந்து 2009 வரைக்கும் எங்க மாவட்ட டயட்லதான் டீச்சர் ட்ரைனிங் படிச்சேன் (மாவட்டம் பேரு வேணாம், கண்டுபுடிச்சிருவாங்க). வேலை கெடைக்கல, அது தனிக்கதை. இப்ப என் பொண்ணு அரசு ஸ்கூல்ல ரெண்டாங்கிளாஸ், நான் அங்க பள்ளி மேலாண்மைக் குழுல மெம்பர். போன வாரம் ஒரு வேலையா அந்தப் பக்கம் போனவன் படிச்ச எடத்த எட்டிப் பாத்துட்டு வருவோம்னு உள்ள போனா ஹாஸ்டல் பூட்டிக் கெடக்கு, சார்ட்டு ஒட்டி டெமோ கிளாஸ் எடுத்த ரூம்ல பழைய பெஞ்சு அடுக்கி வெச்சிருக்காங்க, வாட்ச்மேன் அண்ணன் "இப்பல்லாம் புள்ளைங்கள சேக்கறதில்ல தம்பி, வாத்தியாருங்க மட்டும் ட்ரைனிங்குக்கு வருவாங்க"ன்னாரு. பெரிய ஹால்ல மட்டும் ஒரு நாப்பது பேரு உக்காந்து ப்ரொஜெக்டர பாத்துட்டு இருந்தாங்க.

என் கேள்வி இதான். ஆசிரியர உருவாக்குற எடமா இருந்தது இப்ப என்னவா ஆயிருக்கு? ஸ்கூல்ல ஹெச்.எம் கிட்ட எதக் கேட்டாலும் "மேல இருந்து வருது"ங்கிறாரு, அந்த மேலங்கிறது டயட்டா, சென்னைல இருக்கிற எஸ்.சி.இ.ஆர்.டியா (மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம்), சமக்ர சிக்ஷாவா (மத்திய, மாநில அரசு சேந்து நடத்துற பள்ளிக்கல்வித் திட்டம்)? இத்தன வருஷத்துல முன்னேறியிருக்கா இல்ல பேருக்குத்தான் இருக்கா?

---

சாக்பீஸ்தூள்

தம்பி, நான் டயட்ல விரிவுரையாளரா இருந்து ரிட்டையர் ஆனவன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

1986 தேசியக் கல்விக் கொள்கைல வந்த யோசனை இது, அடுத்த வருஷமே மத்திய அரசு திட்டமா ஆரம்பிச்சாங்க. டெல்லில தேசிய அளவுல என்.சி.இ.ஆர்.டி இருக்கு, சென்னைல மாநில அளவுல எஸ்.சி.இ.ஆர்.டி இருக்கு, ஆனா ஒரு மாவட்டத்துல தொடக்கப்பள்ளி வாத்தியாருக்கு ஒரு சந்தேகம்னா போய் நிக்க எடமில்ல, அதுக்குத்தான் டயட். ஏழு பிரிவு. நீங்க பாத்தது அதுல ஒண்ணு மட்டும்தான், புதுசா ஆசிரியர் ஆகப் போறவங்களுக்கான பயிற்சி. மீதி ஆறுல பணியிடைப் பயிற்சி (ஏற்கெனவே வேலைல இருக்கிற வாத்தியாருக்கு), பாடப்பொருள் தயாரிக்கிறது, கல்வித் தொழில்நுட்பம், திட்டமிடல், இப்படி எல்லாம் வரும். அந்த ஆறும் காகிதத்துல மட்டும் இருந்துச்சுன்னு யாராவது சொன்னா நான் சண்டைக்கு வரமாட்டேன், பாதி உண்மைதான்.

அப்புறம் என்னாச்சுன்னா, 90கள்ல டி.பி.இ.பி (மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம்) வந்துச்சு, அதுக்குப் பின்னாடி எஸ்.எஸ்.ஏ (அனைவருக்கும் கல்வி இயக்கம்) வந்துச்சு. அதுங்க தனி நிதி, தனி ஆபீஸ், ஒன்றியத்துக்கு ஒரு பி.ஆர்.சி (வட்டார வள மையம்)ன்னு தனி வரிசையே போட்டுட்டாங்க. பயிற்சி குடுக்கணும்னே இருக்கிறவங்க நாங்க, பணமும் வண்டியும் இருக்கிறவங்க அவங்க. ஒரே வாத்தியார் ஒரே மாசத்துல எங்க ட்ரைனிங்குக்கும் வருவாரு, அவங்க ட்ரைனிங்குக்கும் போவாரு, ரெண்டுலயும் ரெண்டு விதமா சொல்லுவோம். என்னைக் கேட்டா டயட்டோட கதையே இதுலதான் இருக்கு, மத்ததெல்லாம் கிளைக்கதை. 2018ல எஸ்.எஸ்.ஏ, ஆர்.எம்.எஸ்.ஏ (ஒன்பது, பத்தாங்கிளாஸுக்கான திட்டம்), ஆசிரியர் கல்வி நிதி மூணையும் சேத்து சமக்ர சிக்ஷா ஆக்கினப்ப இந்த ரெட்டைக்குதிரை சவாரி முடியும்னு நெனச்சோம். முடிஞ்சுது, ஆனா குதிரைய ஓட்டுறது நாங்க இல்ல :) அதுலயும் 2024-25ல பி.எம்.ஸ்ரீ (மத்திய அரசோட மாதிரிப் பள்ளித் திட்டம்) ஒப்பந்தத்துல தமிழ்நாடு கையெழுத்து போடலன்னு சமக்ர சிக்ஷா பணம் 2,152 கோடிய மத்திய அரசு நிறுத்தி வெச்சப்ப அந்தத் திட்டத்த நம்பி இருந்த எல்லா வேலைக்கும்தான் அடி.

ஹாஸ்டல் ஏன் பூட்டுச்சுன்னா, 2000க்கு அப்புறம் தனியார் பயிற்சி நிறுவனம் தெருவுக்குத் தெரு மொளச்சுது, லட்சக்கணக்குல முடிச்சுட்டு வெளிய வந்தாங்க. 2012ல டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) வந்துச்சு. 2018ல அரசாணை 149 போட்டு டெட் பாஸ் பண்ணாலும் இன்னொரு போட்டித்தேர்வு எழுதணும்னு ஆயிருச்சு. அப்புறம் யாரு வந்து சேருவா? சேர ஆளில்லாம பல டயட்ல அட்மிஷனையே நிறுத்தி பணியிடைப் பயிற்சிக்கு மட்டும்னு மாத்திட்டாங்க.

---

நாலாங்கிளாஸ்_டீச்சர்

சார் சொன்னதெல்லாம் சரி, ஆனா ட்ரைனிங் ஹால்ல ப்ரொஜெக்டர பாத்துட்டு இருக்கிற அந்த நாப்பது பேர்ல ஒருத்தி நான், அதனால என் பக்கத்தையும் கேளுங்க.

நான் சர்வீஸ்ல சேந்தப்ப செயல்வழிக் கற்றல், அதாவது புள்ளைங்க அட்டைய வெச்சு ஏணிப்படி மாதிரி படிப்படியா தானே கத்துக்கிறது. ஆந்திராவுல இருக்கிற ரிஷிவேலி பள்ளில பாத்துட்டு வந்து 2003ல சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல ஆரம்பிச்சது 2007ல மாநிலம் முழுக்க வந்துச்சு. அத நாங்க பழகி முடிக்கிறதுக்குள்ள 2012ல முப்பருவம் (வருஷத்த மூணு பருவமா பிரிக்கிறது), சி.சி.இ (தொடர் மதிப்பீடு). அப்புறம் 2018ல புது புத்தகம், கியூஆர் கோடு. கொரோனா, கல்வித் தொலைக்காட்சி, தன்னார்வலர்கள் சாயங்காலம் பாடம் சொல்லிக் குடுக்கிற இல்லம் தேடிக் கல்வி. 2022ல அடிப்படை வாசிப்பு, கணக்குக்கான எண்ணும் எழுத்தும் திட்டம், மொதல்ல மூணாங்கிளாஸ் வரைக்கும், அடுத்த வருஷம் எங்க நாலு அஞ்சுக்கும் வந்துருச்சு. ஒவ்வொண்ணுக்கும் ட்ரைனிங், எல்லாம் சென்னைல தயாராகி டயட்டுக்கு வந்து, அங்கிருந்து கருத்தாளருக்கு (ட்ரைனிங் குடுக்கிறவங்க) போயி, அவங்க எங்களுக்கு சொல்லும்போது பி.பி.டி வாசிக்கிறது மட்டும்தான் மிச்சம் இருக்கும். நடுவுல எமிஸ்ல (பள்ளி விவரம் ஏத்துற ஆன்லைன் தளம்) என்ட்ரி போடலன்னு போன் வேற வரும்.

இவ்வளவு திட்டுறேன்ல, ஆனா எண்ணும் எழுத்தும் வந்தப்புறம் ஒண்ணு நல்லா இருக்கு. அரும்பு, மொட்டு, மலர்னு புள்ளைங்கள நிலைவாரியா பிரிக்கச் சொன்னாங்கல்ல, அதுக்கு முன்னாடி நாலாங்கிளாஸ்ல எழுத்துக்கூட்டத் தெரியாத புள்ள இருந்தா நாங்களே மறைச்சுருவோம், இப்ப அது அரும்புன்னு பேர் சொல்லியே வெளிய வந்துருச்சு, வெக்கப்பட ஒண்ணுமில்லன்னு ஆச்சு. இன்னொண்ணு, போன வருஷம் டயட்ல இருந்து ஒரு மேடம் விசிட் வந்தாங்க. ரெஜிஸ்டர் கேக்கல. கடைசி வரிசைல ஒரு பையன்கூட தரைல உக்காந்து அரைமணி நேரம் கழித்தல் கணக்கு போட்டாங்க. கடன் வாங்கிக் கழிக்கிறது அவனுக்குத் தெரியும், பூஜ்யம் வந்தா மட்டும்தான் மாட்டுதுன்னு கண்டுபுடிச்சாங்க. நான் ரெண்டு மாசமா அவனுக்கு கழித்தலே வராதுன்னு நெனச்சுட்டு இருந்தேன். அந்த மாதிரி ஒரு ஆள் மாசம் ஒருக்கா வந்தா எனக்கு அஞ்சு நாள் ட்ரைனிங்கே வேணாம்.

---

மேப்_மாமா

"எல்லாம் சென்னைல தயாராகுது"ங்கிறத ஒரு குறையா எல்லாரும் சொல்றீங்க, எனக்கு அதுல முழு உடன்பாடு இல்ல. 38 மாவட்டமும் தனித்தனியா பாடப்பொருள் தயாரிச்சா தரம் எப்படி இருக்கும்? நல்ல டயட் இருக்கிற மாவட்டத்துப் புள்ள தப்பிச்சுக்கும், ஆள் பத்தாத டயட் இருக்கிற எடத்துப் புள்ள என்ன பண்ணும்?

---

குறிஞ்சிப்பூ

@மேப்_மாமா அண்ணே, பாதிக்குத்தான் சரி. நான் ஆசிரியர் பயிற்றுநரா பி.ஆர்.சில வேலை பாக்குறேன். ஓசூர் பக்கம் வீட்ல தெலுங்கோ கன்னடமோ பேசிட்டு ஸ்கூல்ல தமிழ் கத்துக்கிற புள்ளைங்க இருக்காங்க, நீலகிரில பழங்குடிப் புள்ளைங்க வேற மொழியோட வருது, செங்கல்சூளை இருக்கிற எடத்துல ஒடியா பேசுற புள்ளைங்க சீசனுக்கு வந்து சீசன் முடிஞ்சா போயிரும். இவங்களுக்கு "அ-அம்மா" எங்க ஆரம்பிக்கணும்னு சென்னைல இருந்து சொல்ல முடியுமா? அத உக்காந்து பாத்து, நாலு ஸ்கூல்ல செஞ்சு பாத்து எழுதுறதுதான் டயட்டோட வேலை, செயலாராய்ச்சின்னு அதுக்கு பேரே வெச்சிருக்காங்க. நடக்கலன்னு சொல்லமாட்டேன், நடக்குது, ரிப்போர்ட் பைண்டிங் ஆகி அலமாரிக்குப் போயிருது. அடுத்த மாட்யூல் (பயிற்சிக் கையேடு) எழுதுறவங்க மேசைக்கு அது போறதில்ல. போக்குவரத்து மேல இருந்து கீழ மட்டும்தான், ஒருவழிப்பாதை.

அதிகாரம் யாருக்குன்னு கேட்டீங்கல்ல. புத்தகம், மாட்யூல், கையேடு எல்லாம் எஸ்.சி.இ.ஆர்.டி. நிதி, பி.ஆர்.சி, உங்க மேலாண்மைக் குழு ட்ரைனிங் எல்லாம் சமக்ர சிக்ஷா. ஆய்வு, நிர்வாகம் எல்லாம் கல்வி அலுவலர்கள், அதாவது சி.இ.ஓ (முதன்மை), டி.இ.ஓ (மாவட்டம்), பி.இ.ஓ (வட்டாரம்). டயட் பிரின்சிபால் யாரையும் உத்தரவு போட்டு வேல வாங்க முடியாது, அவர் அறிவுரைதான் சொல்லலாம். நம்மூர்ல அறிவுரைய யாரு கேப்பா.

---

சாக்பீஸ்தூள்

@குறிஞ்சிப்பூ அந்த அலமாரில என்னோடதும் நாலு இருக்கும்மா.

@மேப்_மாமா நீங்க சொல்ற பயம் நியாயம்தான். காலிப்பணியிடத்த நிரப்பாம சுதந்திரம் மட்டும் குடுத்தா ஒண்ணும் நடக்காது, அதையும் பாத்துட்டேன். ஏழு பிரிவையும் மூணு பேர் பாத்த வருஷமும் உண்டு.

---

பழைய_ட்ரெய்னி

எல்லாருக்கும் நன்றி, இப்பத்தான் படம் புரியுது. ஒரே ஒரு டவுட். எங்க ஸ்கூல்லயும் வடநாட்டுப் புள்ளைங்க அஞ்சாறு இருக்கு, டீச்சர் ஒத்த ஆளா தெணறுறாங்க. மேலாண்மைக் குழுல இருந்து நாங்க டயட்ட நேரடியா கேக்கலாமா, யாரையாவது அனுப்புங்கன்னு?

---

குறிஞ்சிப்பூ

தாராளமா கேக்கலாம். கூட்டத்துல தீர்மானமா எழுதுங்க, எத்தன புள்ளைங்க, எந்த மொழி, எந்த கிளாஸ்னு தெளிவா. ஹெச்.எம் மூலமா பி.ஆர்.சிக்கு ஒரு காப்பி, டயட் பிரின்சிபாலுக்கு ஒரு காப்பி. "உதவி தேவை"ன்னு மொட்டையா எழுதினா ஃபைல்ல போயிரும், எண்ணிக்கையோட எழுதினா யாராவது வந்துதான் ஆகணும்.

---

நாலாங்கிளாஸ்_டீச்சர்

வர்றவங்க ரெஜிஸ்டர் கேக்காம தரைல உக்கார்ற ஆளா இருக்கணும்னு அதுலயே ஒரு வரி சேத்துருங்க அண்ணே, எனக்கும் ஒரு காப்பி வேணும்.