'லெட் தி ரைட் ஒன் இன்' படித்த பிறகு மனசு கனத்துக் கிடக்கிறது (கதை வெளிப்படும்)

கேள்வி:
லிண்ட்க்விஸ்ட் 2004இல் எழுதிய ஸ்வீடிஷ் ரத்தக்காட்டேரி நாவல், ஆங்கிலத்தில் படித்தேன். ரத்தம் குடிப்பதுகூட அவ்வளவு பயமுறுத்தவில்லை, பள்ளியில் அடிவாங்கியே வளரும் பன்னிரண்டு வயது ஆஸ்கர், குடித்தால் வேறு ஆளாகிவிடும் அப்பா, 1981ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் புறநகரின் பனி, இதெல்லாம்தான் தூங்கவிடவில்லை. அடுத்த புத்தகத்தைத் தொடவே மனசு வரவில்லை. உங்களுக்கும் இப்படித்தான் இருந்ததா?

பதில்:
எனக்கு விர்ஜினியாதான் தாங்க முடியவில்லை. கடிபட்டுப் பிழைத்தவள், தான் என்னவாக மாறிவிட்டோம் என்று புரிந்ததும் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே வெயிலைத் தன்மேல் வரவழைத்துச் சாகிறாள். அவளுடைய காதலன் லாக்கேவுக்கு ஏற்கனவே நண்பன் போயாச்சு, இப்போது இவளும். அதைப் படித்துவிட்டு அழுதேன்.

பதில்:
முழு இருட்டு என்று நான் சொல்லமாட்டேன். சுவருக்கு இரண்டு பக்கமும் ஆஸ்கரும், பக்கத்து வீட்டுக்கு வந்த ரத்தக்காட்டேரிக் குழந்தை ஏலியும் மோர்ஸ் குறியீட்டில் தட்டிப் பேசுகிற இடங்கள் எவ்வளவு அன்பானவை! அப்புறம், ஏலிக்காகக் கொலை செய்து ரத்தம் கொண்டுவரும் ஹோகனைப் போல ஆஸ்கரும் ஆகிவிடுவான் என்று பலர் முடிவைப் புரிந்துகொண்டார்கள், அதனால் லிண்ட்க்விஸ்ட் 'லெட் தி ஓல்ட் ட்ரீம்ஸ் டை' என்ற சிறுகதையில் வேறொரு வழியைக் காட்டினார். அடுத்து அதைப் படியுங்கள், கொஞ்சம் மூச்சு வரும்.

பதில்:
2008இல் வந்த படத்துக்கும் திரைக்கதை அவரேதான். ஹோகனின் அருவருப்பான பக்கத்தைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். ஆனால் இப்போதே பார்க்க வேண்டாம், முதலில் நாலு நாள் நன்றாகத் தூங்குங்கள்.