ஊர் கைகொடுத்து நின்ற தொழில்: நம்ம கரையோரத்து அனுபவங்கள்

பாம்பன், தெற்குவாடி

நாங்க அஞ்சு பொம்பளைங்க, ஒரே தெரு, ஒரே சுய உதவிக் குழு. கருவாடு போடுறோம். சின்னத் தொழில் செய்றவங்களுக்கு ஊரே சேர்ந்து கைகொடுத்தா என்ன நடக்கும்னு நான் கண்ணால பார்த்ததைச் சொல்றேன். உங்க பகுதியில நடந்ததையும் எழுதுங்க.

கருவாட்டுல லாபம் இல்லாம இல்ல. ஏலத்துல மீன் எடுக்கும்போது காசை எண்ணிக் கையில வைக்கணும், இடிக்கிறது அங்கதான். கருவாட்டை எடுத்துட்டுப் போற மொத்த வியாபாரி பதினஞ்சு நாள் கழிச்சுத் தருவார், சில நேரம் மாசம் ஆயிடும். அந்த நடுவுல வந்து நிக்கிறது தண்டல். பத்தாயிரம்னு எழுதிக்கிட்டு 8,500 கையில தருவாங்க. நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்டணும். மழை பேஞ்சாலும் கட்டணும், மீன் படாட்டியும் கட்டணும். சம்பாதிச்சது மொத்தமும் வட்டிக்கே போச்சுன்னு ஒரு தை மாசம் உக்காந்து கணக்குப் பார்த்து அழுதிருக்கோம்.

அப்போ வெளியூர் அமைப்பு ஒண்ணு எங்களுக்கு வெயில்ல காய வைக்கிற கூடாரம் ஒண்ணு போட்டுக் கொடுத்துச்சு. இரும்புக் குழாய், மேல தடிச்ச பிளாஸ்டிக் ஷீட். கொடுத்தவங்க நல்ல மனசோடதான் கொடுத்தாங்க, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா ஆடி மாசம் இங்க கச்சான் காத்து எப்படி அடிக்கும்னு அவங்களுக்குத் தெரியாது. எங்ககிட்ட யாரும் கேக்கவும் இல்ல. முதல் வருசமே ஷீட்டு கிழிஞ்சுது. அதை மாத்தக் காசும் இல்ல, எங்க கிடைக்கும்னும் தெரியல. ஃபோன் பண்ணுனோம், "அந்தத் திட்டம் முடிஞ்சிடுச்சும்மா"ன்னாங்க. குழாய் இன்னிக்கும் துருப்பிடிச்சு நிக்குது.

எங்க நாத்தனார் மகன் ராமநாதபுரத்துல வேலை பாக்கிறான். அவன்தான் சொன்னான், "அத்தை, யார்கிட்டயும் உதவி கேக்காதீங்க, ஆர்டர் கேளுங்க. காசை முன்னாடியே வாங்கிட்டுப் பொருளைப் பின்னாடி கொடுங்க." அவனே வீடு வீடா ஏறி இறங்குனான். வாத்தியார் வீடு, ரயில்வேக்காரர் வீடு, படகு ஓனர் வீடு, ரெண்டு மளிகைக்கடை, எல்லாம் சேர்த்து நாப்பது வீடு. மாசம் ஒண்ணாம் தேதி வீட்டுக்கு 300 ரூபாய். இருபதாம் தேதிக்குள்ள அந்தக் காசுக்கு உண்டான கருவாடு அவங்க வீட்டு வாசலுக்கு வந்துடும். நாப்பது முந்நூறு, பன்னெண்டாயிரம். நாங்க தண்டலுக்கு வாங்குனதைவிட அதிகம், வட்டி ஒரு பைசா இல்ல. ஒரு நீளவாட்டு நோட்டுல பேர், காசு, என்ன மீன், எந்தத் தேதி கொடுத்தோம்னு எழுதி வைக்கிறோம். அந்த நோட்டு என் வீட்டு சாமி படத்துக்குப் பக்கத்துலதான் இருக்கு.

மூணாவது மாசம் நடந்ததை மறக்க முடியாது. முன்பணம் கட்டுன டீச்சரக்கா ஒருத்தங்க பொட்டலத்தைத் திருப்பி எடுத்துட்டு வந்தாங்க. எங்க திண்ணையில உக்காந்து, சில்வர் தட்டு ஒண்ணு கேட்டு வாங்கி, நெத்திலியைக் கொட்டி, கையால அளைஞ்சு, தட்டைச் சாய்ச்சுக் காட்டுனாங்க. தட்டோட ஓரத்துல மணல் கோடு மாதிரி ஒதுங்கி நின்னுச்சு. "நான் காசு திருப்பிக் கேக்க வரல. அடுத்த மாசமும் உங்ககிட்டதான் வாங்குவேன். ஆனா இதை எப்படி என் பிள்ளைக்குக் கொடுப்பேன், சொல்லு"ன்னாங்க. நாங்க அதுவரை மணல்ல வலையை விரிச்சுத்தான் காய வெச்சோம், எங்க அம்மாவும் பாட்டியும் அப்படித்தான் செஞ்சாங்க. அந்த வாரமே சவுக்குக் கம்பு நட்டு, இடுப்பு உயரத்துக்குப் பரண் கட்டி, மேல பழைய வலையை இழுத்துக் கட்டுனோம். கீழ இருந்தும் காத்து ஏறுது, சீக்கிரம் காயுது, நாய் வாய் வைக்கிறதில்ல. செலவு மொத்தம் நாலாயிரத்துச் சொச்சம். கூடாரம் கொடுத்தவங்க எங்க கருவாட்டை ஒருநாள்கூட வாயில வெச்சதில்ல. டீச்சரக்கா மாசாமாசம் சமைக்கிறாங்க, அதனால அவங்களுக்கு அது தெரிஞ்சுது. கைகொடுக்கிறவங்க பொருளை வாங்கிச் சாப்பிடுறவங்களாவும் இருக்கணும்னு நான் சொல்றது இதை வெச்சுத்தான்.

உணவுப் பாதுகாப்புப் பதிவும் எடுத்தாச்சு. நாங்க எடுத்தப்போ வருசத்துக்கு 100 ரூபாய்தான் கட்டுனோம். இத்தனை நாள் அதுக்கே பயந்துக்கிட்டு இருந்தோம்.

கீழக்கரை

அக்கா எழுதுனதைப் படிச்சதும் எங்க பெரியம்மா நினைப்பு வந்துடுச்சு. தொதல் கிண்டுவாங்க. தேங்காய்ப்பாலும் மாவும் இனிப்பும் சேர்ந்து, எண்ணெய் பிரிஞ்சு சட்டி ஓரத்துல நிக்கிற வரைக்கும் கை விடாம கிண்டணும். மணிக்கணக்கு ஆகும். கை மாத்த ஆள் இல்லேன்னா அடி பிடிச்சு மொத்தமும் போச்சு. நோன்பு மாசத்துல எவ்வளவு கிண்டுனாலும் பத்தாது, மத்த மாசத்துல சட்டி கவுந்து கிடக்கும்.

எங்க தெருப் பசங்க, துபாய்லயும் சவூதியிலயும் இருக்கிற சபுராளிங்க, சேர்ந்து ஒரு தொகை வெச்சிருக்கோம். அழகிய கடன். வட்டி கிடையாது, அடமானம் கிடையாது. பெரியம்மாவுக்கு 60,000 கொடுத்தோம்: பெரிய உருளி, ரெட்டை அடுப்பு, கிண்ட ரெண்டு ஆளுக்கு முதல் மூணு மாசச் சம்பளம். மாசம் 2,500 வீதம் 24 மாசத்துல அடைச்சுட்டாங்க. அடைச்ச காசு அப்படியே அடுத்த வீட்டுக்குத் தையல் மிஷினாப் போச்சு.

எல்லாம் நல்லாவே நடந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். ஒரு தம்பி மொபைல் ரிப்பேர் கடை வெச்சான், ஒரு வருசத்துல மூடிட்டான். அதுக்கப்புறம் எங்களைக் கண்டா சந்துக்குள்ள ஒதுங்கிப் போவான். பள்ளிவாசல்ல கூட வேற வரிசையில நிப்பான். காசு போனதைவிட அது எங்களுக்குப் பெரிய வேதனையா இருந்துச்சு. மூத்த காக்கா, அதாவது அண்ணன் முறை ஒருத்தர் அவன் வீட்டுக்கே போய், அவன் வாப்பா முன்னாடி வெச்சு, "பாக்கியை நாங்க விட்டுட்டோம், நீ எங்களை விட்டுடாத"ன்னு சொல்லிட்டு வந்தார். இப்போ அவன் அதே தொகைக்குக் கணக்கு எழுதுறான். கடன் கொடுக்கும்போதே "முடியாமப் போனா வந்து சொல்லு, ஒளியாத"ன்னு வாய்விட்டுச் சொல்லணும்னு அதுல இருந்து ஒரு வழக்கம் வெச்சிருக்கோம். வாங்குனவங்க பேரையும் எங்கேயும் போட மாட்டோம். ஃபோட்டோ கிடையாது, போர்டு கிடையாது. பெரியம்மாவைப் பத்தி எழுத அவங்ககிட்டயே சம்மதம் கேட்டுத்தான் எழுதுறேன்.

தங்கச்சிமடம்

நான் டீக்கடை வெச்சிருக்கேன். கபடிப் போட்டி, கோயில் திருவிழா, சந்தியாகப்பர் திருவிழா, எதுவா இருந்தாலும் நோட்டீஸ்ல பேர் போட வருவாங்க. மனசாரக் கொடுப்பேன், அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா ஒருவாட்டி நான் கேட்டேன், "தம்பி, பன்னெண்டு பனியனுக்கு நான் காசு தர்றேன், அதை எங்க வாங்குறீங்க?" ஆன்லைன்லன்னான். ரெண்டு தெரு தள்ளி ஒரு பொண்ணு தையல் கத்துக்கிட்டு மிஷினும் வெச்சிருக்கு, ஜாக்கெட் ரெண்டு வந்தா அன்னிக்குப் பாடு. "அவகிட்டத் தைக்கிறதா இருந்தா தர்றேன்"னுட்டேன்.

முதல் தடவை கைப்பக்கம் இறுக்கமா வந்துச்சு. பசங்க முகம் சுளிச்சாங்க. அந்தப் பொண்ணு ராத்திரியே பன்னெண்டையும் பிரிச்சு, அக்குளுக்குக் கீழ துண்டு வெச்சு மறுபடி தைச்சுக் கொடுத்துச்சு. இப்போ பக்கத்து ஊர் டீமெல்லாம் அங்கதான் கொடுக்குது. எங்க ஊர்ல மல்லிகை நாத்து போட்டு வெளியூருக்கெல்லாம் அனுப்புறாங்க. அந்த நாத்தைக் கட்டுற பைகூட இங்கேயே தைக்கலாமேன்னு இப்போ பேசிக்கிட்டு இருக்கோம்.

ராமேஸ்வரம்

2022 டிசம்பர்ல பாம்பன் பாலத்துல ரயில் ஓட்டம் நின்னதுல இருந்து, 2025 ஏப்ரல் 6-ல புதுப்பாலம் திறக்கிற வரைக்கும் எங்களை மாதிரி சங்கு, பாசிமணி விக்கிறவங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். ரயில்ல வர்ற வடநாட்டு ஆளுங்கதான் என் வியாபாரம். அப்போ ஒரு லாட்ஜ் அண்ணாச்சி வரவேற்பு மேசைக்குப் பக்கத்துல ஒரு கண்ணாடி அலமாரியைக் காலி பண்ணி, "இதுல வெச்சுக்கோம்மா, வாடகை வேணாம்"னார். வித்த காசை ஒரு டப்பாவுல போட்டு, சனிக்கிழமை சனிக்கிழமை எண்ணிக் கொடுப்பார். ரயில் வந்த பிறகும் அலமாரியை அவர் திருப்பிக் கேக்கல. நான் இப்போ என்கூட ரெண்டு பேரோட மாலையையும் அதுல வைக்கிறேன்.

மண்டபம், முனைக்காடு

அம்மா சொல்லச் சொல்ல நான் டைப் பண்றேன்.

நாங்க வடகடல்ல கடல்பாசி வளர்க்கிறோம். பன்னெண்டு அடிக்குப் பன்னெண்டு அடி மூங்கில் மிதவை. கயித்துல விதைப்பாசியைக் கட்டித் தொங்கவிட்டு, மீன் கடிக்காம இருக்க அடியில வலை கட்டணும். 45 நாள்ல அறுக்கலாம். பத்து வருசத்துக்கும் முன்னாடி, 2013 வாக்குல, பாசி வெளுத்து உதிர்ந்து எல்லாரும் நஷ்டப்பட்டோம். அதுக்கப்புறம் பல பேர் திரும்ப இறங்கவே இல்ல. அரசாங்கக் கடனுக்கு அலைஞ்சு அம்மாவுக்கு வெறுத்துப் போச்சு.

நான் படிச்ச பள்ளிக்கூடத்து டீச்சருங்க பத்து பேர் ஆளுக்கொரு மிதவைக்குக் காசு போட்டாங்க. அறுப்புல ஒரு பங்கு அவங்களுக்குன்னு பேச்சு. ரெண்டு அறுப்பு நல்லா வந்துச்சு. மூணாவது அறுப்பு ஐப்பசியில. வாடைக்காத்து எழும்பி ஒரே ராத்திரியில ஆறு மிதவை உடைஞ்சு கரையில ஒதுங்கிக் கிடந்துச்சு. யார் நஷ்டம் இதுன்னு அப்பதான் கேள்வி வந்துச்சு. பேச்சுல அது இல்லவே இல்ல. ஒரு சார் ரொம்பக் கோவப்பட்டார், அவர் கோவத்துலயும் நியாயம் இருந்துச்சு.

அம்மா அவரை மறுநாள் விடியக்காலையில வரச் சொன்னாங்க. வந்தார். பேன்ட்டை மடிச்சுவிட்டு இடுப்புத் தண்ணியில நின்னு, உடைஞ்ச மிதவையில இருந்து கயித்தை அவிழ்த்து எடுக்க அவரும் கூட நின்னார். ரெண்டு மணி நேரம். உப்புத் தண்ணியில ஊறுன கயிறு விரலை அறுக்கும். கரையேறி உக்காந்து விரலைப் பார்த்துட்டு, "மார்கழி முடியிற வரை கடல்ல எறக்காதீங்கம்மா, தையில எறக்குங்க"ன்னார். இப்போ எழுத்துலயே வெச்சிருக்கோம்: வாடையில மிதவை இல்ல, காத்து மழையில போனா ஆளுக்குப் பாதி நஷ்டம். அம்மா சொல்றாங்க, காசு போடுறவங்க முதல் நாளே கடலை வந்து பார்க்கணுமாம்.

தொண்டி

எங்க பக்கத்துக்கு வடக்க, பேராவூரணி, புதுக்கோட்டைப் பகுதியில ஆடி, ஆவணியில மொய் விருந்து நடக்கும். இலை போட்டு ஊரையே கூப்பிட்டு, வர்ற மொய்யை முதலாப் போட்டுத் தொழில் தொடங்குன ஆளுங்க நிறைய. பிறகு அவங்க விருந்துக்கு நாம திருப்பிச் செய்யணும், நோட்டுல இருக்கும். ஆனா சாப்பாட்டுச் செலவே பாதியைத் தின்னுடுது. விருந்தை விட்டுட்டு நோட்டை மட்டும் வெச்சுக்கிட்டா என்னன்னு எங்க கூட்டத்துல நாலு பேர் ஆரம்பிச்சிருக்கோம். இன்னும் ஒரு வருசம்கூட ஆகல, அதனால இப்போதைக்கு ஒண்ணும் சொல்லல. பாம்பன் அக்கா, மீன்பிடித் தடைக்காலத்துல என்ன பண்றீங்க?

பாம்பன், தெற்குவாடி

தொண்டி தம்பிக்கு: தடைக்காலம் இப்போ 61 நாள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. விசைப்படகு போகாது, நாட்டுப்படகு மட்டும்தான். மீன் விலை ஏறிடும். அந்த ரெண்டு மாசமும் 300 ரூபாய்க்குக் கருவாடு கொடுத்தா எங்களுக்குக் கட்டாது. முதல் வருசம் வெட்கத்துல யார்கிட்டயும் சொல்லாம நஷ்டத்துக்குக் கொடுத்தோம். ரெண்டாம் வருசம் நாப்பது வீட்டுக்கும் போய்ச் சொன்னோம். ஆறு வீடு நின்னுக்கிச்சு, பாக்கிப் பேர் "என்ன முடியுமோ அதைக் கொடுங்க"ன்னாங்க. பங்குனியிலேயே காய வெச்ச சீலா மீனை எடுத்து, நம்ம மாவட்டத்துக் குண்டு மிளகாயை வறுத்துப் போட்டுத் தொக்கு பண்ணிக் கொடுத்தோம். அந்த மிளகாய்க்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சுதே, அதேதான். கருவாட்டைவிடத் தொக்குக்குத்தான் இப்போ கேள்வி அதிகம். நின்ன ஆறுல நாலு வீடு திரும்ப வந்துடுச்சு.

கார்த்திகை மழையில காயாது. அந்த மாசம் காசே வாங்க மாட்டோம், முன்னாடியே சொல்லிடுவோம்.

முனைக்காட்டு அம்மாகிட்டச் சொல்லுங்க, அந்த "பாதி நஷ்டம்" எழுத்தை எப்படி எழுதுனாங்கன்னு எனக்குப் பார்க்கணும். எங்க நோட்டுல அது இல்ல. கீழக்கரைத் தம்பி, உங்க பெரியம்மா தொதலை நாங்க எங்க நாப்பது வீட்டுக்கும் கருவாட்டோட சேர்த்துக் கொண்டுபோகத் தயார். தனிப் பையில வைக்கிறோம், வாடை ஒட்டாது. நோன்பு இல்லாத மாசத்துல எத்தனை கிலோ முடியும்னு கேட்டுச் சொல்லுங்க. இந்த மாசம் நெத்திலி கம்மி, சூடைதான் படுது. அதை இன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வீடு சொல்லிட்டு வரணும், கிளம்புறேன்.