2^67−1 பகா எண் என்று நிரல் சொல்கிறது: எங்கே பிழை?

உல்சூர்வாசி: வணக்கம். பெங்களூரு உல்சூரில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு வரும் ஞாயிறன்று மெர்சென் பகா எண்களைப் (2-இன் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் கிடைக்கும் பகா எண்கள்) பற்றிச் சொல்லித்தர வேண்டியிருப்பதால் அவசரமாகக் கேட்கிறேன். 2^67−1 பகு எண் என்று நூல்கள் சொல்ல, என் நிரலோ அதைப் பகா எண் என்கிறது. 2^11−1-க்கும் அதே விடைதான். யாராவது உதவுங்கள்.

நிரல்நேசன்: எந்த மொழி, எந்தச் சோதனை என்று சொல்லாமல் எப்படி உதவ முடியும்?

தசமன்: மொழி எதுவானாலும் காரணம் ஒன்றே. 2^67−1 என்பது 64 பிட்டுக்குள் அடங்காது. மேல் பிட்டுகள் வெட்டுப்பட்டு வேறோர் எண்தான் சோதிக்கப்படுகிறது.

நிரல்நேசன்: 2^11−1 வெறும் 2047 தானே? அது தாராளமாக அடங்குமே.

உல்சூர்வாசி: பைத்தான் மொழி, அதில் முழு எண்களுக்கு 64 பிட் வரம்பில்லை. ஃபெர்மா சோதனை, அடிமானம் 2: அதாவது 2-ஐ, சோதிக்கும் எண்ணைவிட 1 குறைவான அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணால் வகுக்கும்போது மீதி 1 வந்தால் பகா எண் என்று நிரல் சொல்கிறது.

எண்மணி: ஒற்றைப்படைப் பகா எண் என்றால் மீதி 1 வரும் என்பதே ஃபெர்மா தேற்றம்; மீதி 1 வந்தால் பகா எண் என்ற அதன் மறுதலை உண்மையல்ல என்பதைப் படித்த பிறகே நிரல் எழுத அமர வேண்டும் என்று இங்கே பலமுறை சொல்லியிருக்கிறேன். 2047-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 2^11 என்பது 2048. அதை 2047-ஆல் வகுத்தால் மீதி 1. சோதனையில் வரும் அடுக்கு 2046, அதாவது 11 × 186. எனவே 2^2046 என்பது 2048-ஐ 186 முறை பெருக்குவதுதான், அதன் மீதியும் 1 தான். ஆனால் 2047 = 23 × 89. அடுக்கு எந்தப் பகா எண்ணாக இருந்தாலும் இதுவே நடக்கும் என்பதால், மெர்சென் எண்களிடம் அடிமானம் 2 எதையும் பிரித்துக் காட்டாது.

தசமன்: அப்படியானால் ஃபெர்மா சோதனையைவிடக் கடுமையான மில்லர்–ராபின் சோதனைக்கு மாறலாம்.

எண்மணி: அங்கும் 2 மட்டும் போதாது, 2047 அதையும் கடந்துவிடும்.

தசமன்: ஐயத்துக்கே இடமில்லாத வழி வேண்டுமென்றால், கான்பூர் ஐஐடியின் அகர்வால், கயால், சக்சேனா மூவரும் 2002-இல் தந்த முறை இருக்கிறதே! நம் நாட்டில் பிறந்த அதை ஏன் ஒருவரும் சொல்வதில்லை?

நிரல்நேசன்: எந்த எண்ணுக்கும் பொருந்துவதும், ஐயமற்ற விடையைக் கோட்பாட்டளவில் விரைவாகத் தர முடியும் என்று நிறுவியதும் அதன் பெருமை, அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் நடைமுறையில் அது மெதுவானது. மெர்சென் எண்களுக்கென்றே லூகாஸ்–லேமர் சோதனை இருக்கிறது, அதுவும் ஐயமற்றதே. 4-இல் தொடங்கி, ஒவ்வொரு முறையும் வர்க்கமாக்கி 2-ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதி காண வேண்டும். 127-க்கு 4, 14, 67, 42, 111, 0 என்று வரும். படிகள் அடுக்கைவிட 2 குறைவு; 127-இன் (2^7−1) அடுக்கு 7 என்பதால் ஐந்தாம் படியில் பூஜ்யம் வந்தால் பகா எண்.

தசமன்: மெதுவானது என்பதற்காக ஒதுக்குவது நியாயமில்லை.

எண்மணி: கேட்டவருக்கு ஞாயிறன்று வகுப்பு இருக்கிறது.

உல்சூர்வாசி: 2047-க்கு இறுதியில் 1736 வந்தது, 67-க்கும் பூஜ்யம் வரவில்லை. நன்றி.

நிரல்நேசன்: மகிழ்ச்சி. 1644-இல் மெர்சென், பகா எண் தரும் அடுக்குகள் என்று தாம் தந்த பட்டியலில் 67-ஐச் சேர்த்திருந்தார்; அது பகு எண் என்று 1876-இலேயே லூகாஸ் காட்டியும், 193707721 × 761838257287 என்ற காரணிகளைக் கணிதர் கோல் 1903-இல்தான் வெளியிட்டார். காரணி தெரியாமலே பகு எண் என்று அறிய முடியும் என்பதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.