பழைய அமெரிக்க நிக்கல் காசு: எதுக்கு உண்மையிலேயே விலை இருக்கு?

டல்லாஸ்வாசி:
வணக்கம் மக்களே, பக்கத்து வீட்டுப் பெரியவர் வீடு காலி பண்ணும்போது ஒரு டப்பா நிறைய பழைய அஞ்சு சென்ட் காசு, அதான் நிக்கல்ங்கிறாங்களே, குடுத்துட்டுப் போனார். எருமை போட்டது கொஞ்சம், அதுல பாதிக்கு வருஷமே தெரியல, மிச்சமெல்லாம் ஜனாதிபதி ஜெஃபர்சன் தலை போட்டது, 1940கள்ல வந்தது சிலது கருத்துப்போய் கெடக்கு. யூட்யூப்ல லட்சக்கணக்குல டாலர்ங்கிறாங்க, நிஜமா? கடைக்கு எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி பாலிஷ் போட்டுத் தேய்ச்சுரலாமா?

காசுப்பிரியன்:
ஐயோ தேய்க்காதீங்க ப்ரோ! தேய்ச்ச காசைப் பார்த்ததுமே கண்டுபிடிச்சுருவாங்க, விலை அங்கேயே விழுந்துரும்.

கருத்துப்போனதைத்தான் மொதல்ல தனியா எடுங்க. உலகப் போர் சமயத்துல நிக்கல் உலோகம் ராணுவத்துக்குத் தேவைப்பட்டதால 1942 கடைசியிலேர்ந்து 1945 வரைக்கும் செம்பு 56, வெள்ளி 35, மாங்கனீஸ் 9 சதவீதம் கலந்து அடிச்சாங்க. பின்பக்கம் மாண்டிசெல்லோங்கிற ஜெஃபர்சன் வீட்டுக்கு மேல பெருசா பி, டி, எஸ்னு ஏதாவது ஒரு எழுத்து (எந்த நாணயச்சாலைல அடிச்சதுன்னு சொல்றது) இருந்தா அதான் இது. 1942ல ரெண்டு வகையும் வந்துச்சு, அதனால வருஷத்தை மட்டும் நம்பாதீங்க, எழுத்தைப் பாருங்க. ஒரு காசுல சுமார் 1.75 கிராம் வெள்ளி இருக்கு, அன்னிக்கு வெள்ளி விலையை வச்சு நீங்களே கணக்குப் போட்டுக்கலாம்.

பழங்காசு_ரசிகை:
எருமைக் காசுல வருஷம் மேடான எடத்துல இருக்கறதால அதுதான் மொதல்ல தேயும். வருஷம் போனதுக்குப் பெருசா ஒண்ணும் கெடைக்காது, ஆசிட் ஊத்தி வரவழைச்சா கறை நின்னுரும், வேணாம். வருஷம் தெரியறதுல 1937 டி, அதாவது டி எழுத்து போட்ட 1937 காசு இருந்தா லென்ஸ் வச்சு எருமையோட முன்னங்காலைப் பாருங்க. காசு அடிக்கிற அச்சை ரொம்பத் தேய்ச்சதால வலது முன்னங்கால் காணாமப்போய் மூணு காலோட வந்த காசு ஒண்ணு உண்டு, தேஞ்சிருந்தாக்கூட நூத்துக்கணக்கான டாலர் போகும். ஆனா நாலாவது காலைச் சுரண்டி ஏமாத்தறவங்களும் இருக்காங்க, அசல்ல வயித்துக்குக் கீழ புள்ளி புள்ளியா ஒரு கோடு மேடா தெரியும்.

அந்த லட்சக்கணக்கு டாலர் 1913 லிபர்ட்டி (சுதந்திர தேவி) தலை போட்ட காசு, மொத்தமே அஞ்சுதான் தெரிஞ்சிருக்கு, ஒண்ணு 2013ல 31 லட்சம் டாலருக்கு மேல ஏலம் போச்சு. 1913ல எருமைக் காசு கோடிக்கணக்குல வந்துச்சு, ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

டல்லாஸ்வாசி:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும்! பெரிய எழுத்து போட்டது நிறையவே இருக்கு. 1950 டி ஒண்ணும் இருக்கு, அது கம்மியாத்தான் அடிச்சாங்கன்னு படிச்சேனே?

காசுப்பிரியன்:
ஆமா, 26 லட்சம் சொச்சம்தான், ஆனா அப்பவே ஆளாளுக்கு ரோல் ரோலா பதுக்கி வச்சுட்டாங்க, அதனால இப்பவும் தாராளமா கெடைக்குது, சில டாலர்தான். மூணு கால் எருமை மாதிரி ஏதாவது சிக்கினா மட்டும் கிரேடிங் (தரம் பார்த்துச் சான்று தர்றது) அனுப்புங்க, தேஞ்ச வெள்ளிக் காசுக்கெல்லாம் கிரேடிங் கட்டணமே காசு விலையைத் தாண்டிரும்.